துணி போர்த்திய ஆறு மெஷின்கள்

திங்கட்கிழமை காலை மணி அடித்து நான் என் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, எதிர் வரிசையில் எட்டு மாதமாகத் துணி போர்த்திக் கிடந்த ஆறு மெஷின்களையும் சூப்பர்வைசர் தன் கையாலேயே திறந்துவிட்டார். எங்களில் ஒருத்திக்கு ஊசி உடைந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் மனிதர். அப்போதே எனக்கு ஏதோ இடித்தது. அவர் பின்னாலேயே ஆறு பெண்கள் வந்தார்கள். வேறு நாட்டுக்காரிகள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒரே மாதிரி நீலப் பை. உட்கார்ந்தார்கள், நூல் கோத்தார்கள், சட்டைக்குக் கை தைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்திகூட ஒரு சந்தேகம் கேட்கவில்லை. கேள்வி கேட்காதவர்களை நம்பவே கூடாது.

நான் இந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகக் காலர் தைக்கிறேன். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் காலரக்காதான். நானும் பிழைக்க வந்தவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் வந்த காலத்தில் இங்கே இடம் இருந்தது. இப்போது இல்லை. இதை எனக்கு யாரும் புள்ளிவிவரம் காட்டிச் சொல்ல வேண்டியதில்லை; என் மகள் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதப் படித்துவிட்டு ஏழு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கல்லூரி முடிந்த புதிதில் தினமும் தலை சீவிக் கிளம்பிப்போய் வேலை கேட்டவள், இப்போதெல்லாம் மத்தியானம் வரை நைட்டியை மாற்றுவதில்லை. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. சூப்பர்வைசரிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் "பார்க்கலாம்க்கா" என்றார். இதோ, பார்த்துவிட்டார்.

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரிய வெரட்டுன கதைதான்," என்றார் அயர்ன்காரர், சாப்பாட்டு நேரத்தில். அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. "பஸ்ல அம்பது சீட்டுதான் காலரக்கா. புதுசா ஆறு பேரு உக்காந்தா, பழசுல ஆறு பேரு எந்திரிக்கணும். இதுக்கெல்லாம் பெரிய படிப்பு வேணுமா?"

வேண்டாம்தான். பஸ் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. அந்த ஆறு சீட்டில் ஒன்று என் மகளுடையது என்பதும் புரிந்தது.

அன்றிலிருந்து நான் அவர்களைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். சேர்ந்தே சாப்பிட்டார்கள், சேர்ந்தே பாத்ரூம் போனார்கள், தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என் பக்கம் பார்த்தார்கள். சம்பாதிப்பதை எல்லாம் அப்படியே ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று அயர்ன்காரர் சொன்னார். ஒரு சாயங்காலம் பின்னாலேயே போனேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கிற கடையில் அரிசி, சோப்பு, ரெண்டு பிளாஸ்டிக் வாளி, மின்விசிறி ஒன்று என்று அள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் வாயெல்லாம் பல். இவ்வளவு வாங்க இவர்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் ஊருக்கு அனுப்பிவிட்டு இதையும் எப்படி வாங்குவார்கள் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அவர்கள் வருவதற்கு முன்னால் மத்தியானம் மூன்று மணிக்கே எனக்கு வேலை தீர்ந்துவிடும். கை தைக்க ஆளில்லாமல் சட்டை நகராது, காலர் மட்டும் மலையாகக் குவிந்து கிடக்கும். இப்போது சாயங்காலம் வரை என் மேஜைக்குப் பண்டல் பண்டலாக வந்தது. என்னைக் களைக்க வைத்து, முடியாது என்று நானே சொல்லும்படி செய்யத்தான் இந்த ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டேன். போதாததற்கு அவர்களில் கண்ணாடி போட்ட ஒருத்தி, என் மெஷின் பக்கம் வரும்போதெல்லாம் நின்று என் கையையே பார்த்தாள். காலர் முனையைத் திருப்பிக் கூராக்குவது என் சொந்த வித்தை. கற்றுக்கொள்ளப் பார்க்கிறாள்!

"என்ன பாக்குற?" என்றேன்.

"அக்கா, நல்லா," என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான் போல. நான் காலரின் மேல் துணியை இழுத்து மூடினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மொட்டைக் கடிதம் ஒன்று எழுதினேன். இடது கையால். இந்தக் கம்பெனியில் வேறு நாட்டுப் பெண்கள் ஆறு பேர் முறையான பேப்பர் இல்லாமல் வேலை செய்கிறார்கள் என்று நாலே வரி. பேப்பர் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருக்காது என்று நம்பினேன். லேபர் ஆபீஸ் வாசலில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டு வரும்போது, இதில் என்ன பாவம், பெற்றவள் செய்யாமல் யார் செய்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஆறு பேரின் பேப்பரையும் வாங்கிக்கொண்டு, சரிபார்த்து முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடிக்காரி மெஷினைத் துடைத்து, துணியைப் போர்த்தி, நாலு மூலையையும் இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனாள். எனக்குச் சந்தோஷம்தான், ஒளிப்பானேன்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் நானே போய் நின்றேன்.

"இடம் காலியாத்தானே இருக்கு. எம் பொண்ண வரச் சொல்லட்டுமா?"

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உங்க பொண்ணுக்கு மெஷின் மிதிக்கத் தெரியுமாக்கா?"

"கத்துக்குவா."

"எட்டு மாசம் ஆள் தேடினேன். ஒருத்தர் வரல. ரேட்டுல குறைச்சல்னு நெனைக்காதீங்க, உங்களுக்கு என்னவோ அதேதான் அவங்களுக்கும். யாரோ ஒரு புண்ணியவான் மொட்டக் கடுதாசி போட்டுட்டான். பேப்பரெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா பாத்து முடிக்க ரெண்டு மாசமாம். அதுக்குள்ள ஆர்டர் கைவிட்டுப் போயிடும். வெறும் காலர வச்சு என்ன பண்றது?" குரலைத் தாழ்த்தினார். "அவங்க வந்ததாலதான் ரெண்டாவது ஷிப்ட் போடலாம்னு முதலாளி ஒத்துக்கிட்டாரு. அதுக்கு பேக்கிங்ல கம்ப்யூட்டர் பாக்க ஒரு ஆளு. உங்க பொண்ணு பேரத்தான் எழுதிக் குடுத்தேன். செவ்வாக்கிழமையே போன் பண்ணி, திங்கக்கிழமை வந்து சேந்துடும்மான்னு சொல்லிட்டேன். அம்மாட்ட நானே சொல்றேன் சார்னு சொல்லுச்சு. இப்ப ஷிப்டே இல்ல. நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்கக்கா."

கதை விடுகிறார் என்றுதான் முதலில் தோன்றியது. பொய் சொல்லும்போது காது மடலைத் தேய்ப்பார். பத்தொன்பது வருஷப் பழக்கம், எனக்குத் தெரியும். அவர் கை காதுப் பக்கமே போகவில்லை. என்னைச் சந்தேகப்படுகிறாரோ என்று அவர் கண்ணைப் பார்த்தேன். அதிலும் ஒன்றுமில்லை, வெறும் களைப்பு. என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.

என் மேஜையில் தைத்து முடித்த காலர்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. எடுத்துப் போக யாரும் வரவில்லை. பஸ்ஸை விட்டு ஆறு பேரை இறக்கிவிட்டேன். பஸ் நின்றுவிட்டது. அயர்ன்காரர் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, மத்தியானமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று என்னிடம் வந்து அலுத்துக்கொண்டார். "எல்லாம் அவளுங்க வந்த நேரம்," என்றார். அவரைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். தலை குளித்திருந்தாள். இடுப்புப் பக்கம் தொளதொளவென்று இருக்கிறது, கொஞ்சம் பிடித்துக் கொடு என்றாள். எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் ஊசி டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் காலடியில் முட்டி போட்டேன். எப்போதும்போலக் குண்டூசிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டேன்.

"வர்ற சண்டே வரைக்கும் சொல்லாம வச்சிருக்கலாம்னு பாத்தேன், முடியலம்மா," என்றாள். "எனக்கு உங்க கம்பெனியிலேயே வேலை! திங்கக்கிழமை சேரணும்." குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "அந்த ஆறு பேரு வந்ததாலதான் இந்த வேலையே வந்துச்சாம், சூப்பர்வைசர் சொன்னாரு. நீ எவ்ளோ திட்டுன அவங்கள! நாளைக்குப் போறப்ப ஒரு டப்பா ஸ்வீட் வாங்கிட்டுப் போய்க் குடும்மா, எம் பேர சொல்லி."

நான் இடுப்புத் துணியை மடித்துப் பிடித்தேன்.

"என்னம்மா ஒண்ணுமே பேச மாட்டேங்குற? சந்தோஷமா இல்லியா?"

வாயில் ஊசி இருக்கிறது என்று கையால் காட்டினேன். அவள் சிரித்துவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு பக்கத்துக்கு மூன்று ஊசி போதும். டப்பாவிலிருந்து இன்னும் இரண்டை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டேன்.