வளையலில் இரண்டு பள்ளங்கள்

திரையில் ஓடிய கோட்டில் விழுந்த இரண்டு பள்ளங்களை புய்-ஷானால் நம்ப முடியவில்லை. கையிலிருந்த பச்சை வளையலை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்து, அகச்சிவப்பு ஒளி விழும் துளையில் மறுபடியும் மணிக்கட்டோடு ஒட்டி வைத்தாள். கைக்குப் பூசுகிற கிரீமாக இருந்தால் இந்நேரம் போயிருக்க வேண்டும். பள்ளங்கள் அசையவில்லை. பிசின் ஏற்றிய கல்லுக்கு வருகிற அதே பள்ளங்கள்.

ஜேட் என்கிற பச்சைக் கல் விற்கும் சந்தைக்குப் பின்னாலிருக்கும் அந்தச் சோதனைக்கூடத்தில் எத்தனையோ பெண்களிடம் அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். அமிலத்தில் ஊறவைத்துக் கறையை எடுத்து, விரிசல்களில் பிசினைப் புகட்டிய கல் இது, விலை போகாது என்று. தன்னுடையதை மட்டும் பார்த்ததேயில்லை. கல்யாணத்தன்று மாமியார் சோப்பு நுரை தடவி மாட்டிவிட்ட வளையல், அதன்பிறகு கழன்றதில்லை. பழுது பார்த்து வந்த கருவியை ஓட்டிப் பார்க்க இன்று கைக்குக் கிடைத்தது அதுதான்.

"என் மிஷின்லயும் ஒரு தடவ பாத்துருவோம்க்கா" என்றான் ஆ லுங். லேசரைப் பாய்ச்சிப் பார்க்கும் ராமன் கருவி அவன் பொறுப்பு. பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "கல்லு அசல் ஜேட்தான். ஆனா உள்ள பிசினும் இருக்கு."

அசலா போலியா என்றால் இரண்டுக்கும் தலையாட்டுகிற பதில். மாமியாருக்குத் தெரியுமா? தெரிந்தேதான் மாட்டினாளா? காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாரம் கஞ்சி வைத்து ஊட்டிய கையும் அதே கைதானே? எதை நம்புவது என்று புரியாமல் உட்கார்ந்திருந்தபோது, முட்டை டார்ட் பெட்டியோடு மாமியாரே வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழம கல்யாணத்துல சின்னவன் பொண்டாட்டிக்குப் போடணும். சம்பந்தி எல்லாத்துக்கும் சர்ட்டிபிகேட் கேக்குற ஆளு. பாத்துக் குடு, ஆ ஷான்." சிவப்புத் துணியிலிருந்து ஒரு வளையலை எடுத்து வைத்தாள்.

துடைத்து வைத்தாள் புய்-ஷான். பள்ளமே இல்லை. ராமனிலும் சுத்தமான கல். வரப்போகிறவளுக்கு அசல், எனக்குப் பிசினா?

"எங்க வாங்குனீங்க இத?"

"வாங்குறதா? இது என்னோடது." மாமியார் சட்டைக் கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. கட்டைவிரலின் அடியில் தோல் உரிந்து சிவந்திருந்தது. "காலைல சோப்புப் போட்டு இழுக்குறதுக்குள்ள உயிரே போயிருச்சு. உனக்கு மட்டும்தான் புதுசா வாங்குனேன். மூத்த மருமகளுக்குப் போயி நான் போட்டுத் தேஞ்சத எப்பிடிக் குடுக்குறது? கடக்காரன் அவங்கம்மா மேல சத்தியம் பண்ணிக் குடுத்தான். இது பழசுன்னு அந்தப் பொண்ணுகிட்ட உளறிராத, பாவம், மனசு கஷ்டப்படும்."

ஆ லுங் அவசரமாகத் தேநீர் வாங்கக் கிளம்பினான்.

"உன்னோடதயும் அதுல காட்டேன். நான் ஒரு தடவ பாத்துக்குறேன்." சொல்லிக்கொண்டே மாமியார் அவள் கையைப் பிடித்துத் துளையில் அழுத்தினாள். உரிந்த தோல் புய்-ஷானின் விரல்களில் சூடாகப் பட்டது. திரையில் கோடு ஊர்ந்து வந்தது. மாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள். முதல் பள்ளம் விழுந்தது, பக்கத்திலேயே இரண்டாவதும்.

"பாத்தியா, என்னோடது மாதிரி மொட்டையா இல்ல," என்றாள் மாமியார், முகம் மலர்ந்து. "இது ரெண்டும் நல்லதுதானே?"