நண்டின் இடதுபக்கம்

எங்கள் விமானக் கொட்டகைக்குள் முதல் தடவை வருகிறவர்கள் ஹினெக் ஸவாடாவின் விமானத்தைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: மீதி எங்கே?

மீதி எதுவும் இல்லை. அவ்வளவுதான் விமானம். நீளமான உடம்பில் முன்னால் இஞ்சின், பின்னால் வால். நடுவில் ஆள் உட்கார இடமே கிடையாது. ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டு உடம்பை விட்டு விலகி, இடது இறக்கையின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும். கணவனோடு கோபித்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்ட பெண்மணியைப் போல. எங்கள் விமான ஆர்வலர் மன்றத்தில் அதற்கு நண்டு என்று பெயர்.

ஹினெக்குக்குத் தொழில் பொய்ப்பல் செய்வது. எங்கள் ஊரான லிபோவெட்ஸில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் சிரிப்பில் பாதி அவன் கைவேலை. ஊர்க்காரர்களின் வாய்க்குள் எல்லாம் வரிசையாகவும் ஒழுங்காகவும் இருக்கும்படி பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வதாலோ என்னவோ, மாலையானால் அவனுக்கு ஒழுங்கில்லாத விமானம்தான் வேண்டும். ஊசி மாதிரி மூக்கு வைத்த போர் விமானம் தலைக்கு மேலே போனால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். ஆனால் அப்பம் மாதிரி வட்ட இறக்கை வைத்தது, வாலை முன்னாலும் மூக்கைப் பின்னாலும் வைத்தது, வயலுக்கு மருந்தடிக்க ரெட்டை அடுக்கு இறக்கைக்கு நடுவே ஜெட் இஞ்சினைச் செருகியது என்று எங்காவது ஒன்று இருப்பதாகத் தெரிந்தால், பழைய ஸ்கோடா காரில் யிட்காவையும் ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டிவிடுவான். யிட்கா அவன் மனைவி. தேனிலவில் அவள் பார்த்தது கடல் இல்லை, போலந்தில் ஒரு மழைநாளில் மூக்கொழுகிக்கொண்டு நின்ற ஒரு விதைதெளிப்பு விமானம். அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். சொல்லும்போது சிரிப்பாள் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இப்படிப்பட்ட விமானத்தை அசிங்கம் என்று யாராவது சொன்னால் ஹினெக் கோபப்பட மாட்டான். ஒருவன் ராத்திரி தூங்காமல் யோசித்து, ஊரே சிரிக்கும் என்று தெரிந்தும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று செய்து, அதில் தானே ஏறி உட்கார்ந்திருக்கிறான் பார் என்பான். பிறகு கேட்பவரின் தோளில் கைபோட்டு அந்த விமானத்தைச் சுற்றி ஒரு நடை அழைத்துப் போவான். திரும்பி வரும்போது அவருக்கும் அது அசிங்கமாகத் தெரியாது.

நண்டு எங்கள் ஊர்ச் சரக்கு. எங்கெல்பெர்ட் டூமா என்கிற சர்க்கரை ஆலைப் பொறியாளர் போருக்கு முன்னால் அதைச் செய்தார். பிரான்ஸிலிருந்து வரவழைத்த இஞ்சின். பீட்ரூட் வயல்களுக்கு மேலே ஒரே ஒரு தடவை பறந்தது. ஸ்கேலால் கோடு போட்டது போல நேராகப் பறந்தது என்று அன்றைய உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. பிறகு போர் வந்தது, கொட்டகை எரிந்தது, டூமாவும் போய்ச்சேர்ந்தார். மிஞ்சியது ஒரு புகைப்படம். விமானத்துக்கு முன்னால் கோட் போட்டுக்கொண்டு டூமா நிற்பார். அந்த ஒரு படத்தையும் கொஞ்சம் கணக்கையும் வைத்துக்கொண்டுதான் ஹினெக் பதினோரு வருஷமாக நண்டை மறுபடி செய்துகொண்டிருந்தான்.

அந்தப் படம் இருப்பது டோசென்ட் போரிவோய் கலெண்டா எழுதிய புத்தகத்தின் அட்டையில். டோசென்ட் என்பது பேராசிரியருக்கு ஒரு படி கீழே. அந்த ஒரு படிக் குறையை அவர் வேறு பட்டங்களால் நிரப்பியிருந்தார். பெயருக்கு முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. அவருடைய பெயர்ப்பலகையை அடித்துக்கொடுத்தவர் எழுத்துக்கணக்கில் கூலி வாங்குபவராக இருந்திருந்தால் இன்று வீடு கட்டியிருப்பார். அந்தப் பட்டங்களில் பெரியதை வாங்கிக் கொடுத்தது 'டூமாவின் பிழை' என்கிற அத்தியாயம். புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றினால் விமானம் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும். பிரெஞ்சு இஞ்சின் வலப்பக்கம் சுற்றுவது, ஆகவே விமானம் இடப்பக்கம் சாயும். அதைச் சரிக்கட்ட ஆளையும் கூண்டையும் வலப்பக்கம் வைத்திருக்க வேண்டும். பாவம், டூமா இடப்பக்கம் வைத்துவிட்டார். திறமை இருந்தும் முறையான படிப்பு இல்லாத குறை. நாற்பது பக்கம் இதுதான். பத்திரிகை நேராகப் பறந்தது என்று எழுதியதை, கிராமத்து நிருபரின் உற்சாகம் என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட்டார்.

ஹினெக்கின் தொண்டையில் பதினோரு வருஷமும் முள்ளாக நின்றது அந்த அத்தியாயம்தான். இவ்வளவு யோசித்த மனிதர் பக்கத்தை மாற்றி வைப்பாரா என்று பீர் குடிக்கும்போதெல்லாம் கேட்பான். நாங்களும் வைக்க மாட்டார் என்போம். ஆனால் படம் அப்படித்தானே இருக்கிறது.

இஞ்சினும் கலெண்டாவின் தயவுதான். அவர் தலைவராக இருக்கும் வரலாற்று விமானங்களின் உண்மைத்தன்மைக் காப்புச் சங்கத்திடம் அந்தக் காலத்து இஞ்சின் ஒன்று இருந்தது. பிரெஞ்சு ரகம் உலகத்திலேயே இல்லாமல் போனதால், அதே வயதுள்ள எங்கள் நாட்டு இஞ்சின் இருந்தால் போதும் என்று சங்கம் பெரிய மனது பண்ணியது. அது இடப்பக்கம் சுற்றும். ஹினெக்குக்கு அதில் சௌகரியம்தான், கூண்டு இடப்பக்கம் இருப்பதால் கணக்கு தானாகச் சரியாகிவிடும். கடன் கொடுத்ததற்கு ஒரே நிபந்தனை: விமானம் அசலிலிருந்து ஓர் ஆணிகூடப் பிசகக் கூடாது. பிசகினால் இஞ்சின் திரும்பிப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிடும். சனிக்கிழமை கலெண்டா வந்து சோதிப்பார், தேறினால் ஞாயிற்றுக்கிழமை விமானத் திருவிழாவில் நண்டு பறக்கும் என்று ஏற்பாடு.

புதன்கிழமை சமையலறையில் யிட்கா உருண்டைக் கொழுக்கட்டையை நூலால் அறுத்துக்கொண்டிருந்தாள். எதிரே சுவரில் பெரிதாக்கி மாட்டிய டூமா. பதினோரு வருஷமாக இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவள் சாப்பிடுகிறாள்.

"ஹினெக், இந்த ஆளு ஏன் பொம்பளை கோட்டு போட்டிருக்கான்?"

என்ன உளறுகிறாய் என்று ஹினெக் கேட்டான். அவள் நூல் பிடித்த கையாலேயே சுட்டிக் காட்டினாள். ஆண்கள் கோட்டில் பொத்தான் வலப்பக்கம் இருக்கும், பெண்கள் கோட்டில் இடப்பக்கம். தள்ளுபடி விற்பனையில் ஆண்பிள்ளைக் கோட்டைத் தெரியாமல் வாங்கி, ஒரு குளிர்காலம் முழுக்கப் பொத்தான் போடத் திணறியவள் அவள். மேல்பாக்கெட்டும் வலது மார்பில் இருந்தது. ஹினெக் படத்தைக் கழற்றிக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். கண்ணாடியில் பார்த்தால் பொத்தான் சரியாக இருந்தது, பாக்கெட் சரியாக இருந்தது. கூண்டு வலப்பக்கம் இருந்தது.

அச்சடித்தவர்கள் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். டூமா பிழையே செய்யவில்லை.

ஹினெக் மன்றத்துக்கு வந்து இதைச் சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில்தான். எங்கள் மெக்கானிக் ராடிம் ஆளுக்கொரு கோப்பை ஸ்லிவோவிட்ஸ் சாராயம் ஊற்றினான். டூமாவின் மானத்துக்காகக் குடித்தோம். கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் ராடிம் மெதுவாகக் கேட்டான்.

"அப்போ நீ கட்டினது?"

ஹினெக் கட்டியது கண்ணாடிக்குள் தெரியும் நண்டு. ஓர் ஆணி என்ன, எல்லா ஆணியும் பிசகு. அசல்போலவே கூண்டை வலப்பக்கம் மாற்றிக் கட்டலாம் என்றால், இந்த இடப்பக்க இஞ்சினோடு அது ஏறும்போதே கவிழ்ந்துவிடும். தப்பாகக் கட்டியதால்தான் இது பறக்கும்.

ராடிம் யோசனை சொன்னான்: "வாயத் தொறக்காத. சனிக்கிழமை அந்தாளு வந்து முத்திரை குத்திட்டுப் போகட்டும். ஞாயித்துக்கிழமை பற. திங்கக்கிழமை சொல்லிக்கலாம்."

நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். ஹினெக் தலையை ஆட்டவில்லை. அந்த முத்திரையில் என்ன எழுதியிருக்கும் என்று கேட்டான். பிழையோடு கூடிய அசல் வடிவம் என்று எழுதியிருக்கும். நண்டு பறக்கும்போது ஒலிபெருக்கியில் அதையே வாசிப்பார்கள். டூமாவின் சொந்த ஊரில், டூமாவின் விமானத்துக்குக் கீழே நின்றுகொண்டு, டூமா தப்புப் பண்ணினார் என்று.

"அதுக்கு நான் பறக்காமலே இருந்துடுவேன்டா" என்றான்.

சனிக்கிழமை கலெண்டா வந்தார். வெள்ளைக் கையுறை, அளவுகோல், கையில் தான் எழுதிய புத்தகம், பின்னால் மாவட்டப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் நிருபர். புத்தகத்தின் அட்டையையும் விமானத்தையும் மாறிமாறிப் பார்த்து, முட்டி போட்டு, எழுந்து, கையுறையால் இறக்கையைத் தடவி, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை சோதித்தார். கடைசியில் நிருபரின் பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஓர் ஆணிகூடப் பிசகில்லை என்று அறிவித்தார். தன் நூல் எவ்வளவு துல்லியமானது என்பதற்கு இந்த விமானமே சாட்சி என்றும் சேர்த்துக்கொண்டார்.

ராடிம் ஹினெக்கின் காலை மிதித்தான். பிரயோசனமில்லை.

"டோசென்ட் சார், எல்லா ஆணியும் பிசகுதான். உங்க அட்டைப்படம் திரும்பி இருக்கு. கோட்டுப் பொத்தானைப் பாருங்க."

யிட்கா கைப்பையிலிருந்து சின்ன முகக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அதில் உதட்டுச்சாயம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கலெண்டா அட்டையை அதில் காட்டிப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். பெரிய மூளை வேலை செய்யும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது என்பார்கள். அவர் முகத்தில் நிறையத் தெரிந்தது. பிறகு பழைய நிறம் திரும்பியது.

டூமா வசதியில்லாத குடும்பம் என்று தொடங்கினார். அவருக்கு ஒரு சகோதரி இருந்ததற்கு ஆதாரம் உண்டு. அன்று குளிர். படமெடுக்கும் அவசரத்தில் அவர் சகோதரியின் கோட்டைப் போட்டுக்கொண்டிருக்க எல்லாச் சாத்தியமும் இருக்கிறது. அடுத்த பதிப்பில் இதை அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம். இதுவரை எந்த ஆய்வாளரும் கவனிக்காத விஷயம்.

நிருபர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

ஹினெக் விடவில்லை. சகோதரியின் கோட் சகோதரியின் அளவில்தானே இருக்கும், இவருக்குத் தைத்தது போல இருக்கிறதே என்றான். படம் திரும்பியதுதான், டூமா பக்கம் மாற்றவில்லை, நான்தான் மாற்றிக் கட்டிவிட்டேன் என்று மறுபடி சொன்னான். கலெண்டாவின் குரல் கெட்டியாயிற்று.

"ஸவாடா, யோசிச்சுப் பேசுங்க. நீங்க சொல்றது நிஜம்னா நிபந்தனை மீறியாச்சு. இன்னைக்கே இஞ்சினைக் கழட்டணும்."

ஹினெக் நண்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பதினோரு வருஷத்தையும் அந்த ஒரு பார்வையில் பார்த்தான் என்றுதான் எனக்குப் பட்டது.

"கழட்டிக்குங்க சார். நிஜம் அதுதான்."

ராடிம் ஸ்பேனர் பெட்டியை எடுத்து வந்தான். இவன் என்ன இப்படிச் சட்டென்று கட்சி மாறிவிட்டான் என்று நான் நினைத்தேன். அவன் பெட்டியைக் கலெண்டாவின் காலடியில் வைத்துவிட்டு, ரொம்பப் பணிவாக, கழற்றுவதற்கு முன்னால் காரணத்தைச் சங்கத் தலைவர் தன் கைப்பட எழுதித் தர வேண்டும் என்று சங்க விதியே சொல்கிறதே என்றான்.

"என்னன்னு எழுதுறீங்க சார்? படம் திரும்பியிருக்குன்னு எழுதிட்டா நாங்க கழட்டிடுறோம். உங்க கையெழுத்துக்குக் கீழ பட்டம் எல்லாம் போட்டுடுங்க."

கலெண்டா பேனாவைத் திறந்தார். நிருபரும் திறந்தாள். அவர் காகிதத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், பேனாவை மூடினார். வரலாற்று ஆய்வில் அவசர முடிவுகளுக்கு இடமில்லை என்றார். கோட் விவகாரம் முழுமையாக ஆராயப்படும்வரை இஞ்சின் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று பெருந்தன்மையோடு சொன்னார். அந்த ஆராய்ச்சி அவருடைய வாழ்நாளுக்குள் முடியாது என்று அவர் குரலிலிருந்தே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காற்றே இல்லை. ஹினெக் இறக்கை மேல் ஏறி ஓரத்துக் கூண்டுக்குள் உட்கார்ந்தான். இஞ்சின் இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. சாசேஜ் தின்றுகொண்டிருந்த கூட்டம் சிரித்தது. ஓட்டுகிறவன் இல்லாத உடம்பு ஒன்று புல்லில் ஓடிவர, பக்கத்திலேயே அதைத் துரத்திக்கொண்டு ஒருவன் வருவது போல இருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. சக்கரம் புல்லை விட்டது. சிரிப்பு நின்றது.

நண்டு நேராகப் போனது. ஒரு பக்கம் கனமாக, ஒரு பக்கம் வெறுமையாக, பார்க்கிற கண்ணுக்கு இதோ விழப்போகிறது என்று தோன்றிக்கொண்டே, தேவாலயக் கோபுரத்தை நோக்கித் துளிகூட விலகாமல் ஏறியது. திரும்பி எங்கள் தலைக்கு மேல் வந்தபோது அடிவயிறு தெரிந்தது. பொருந்தாத இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு போயின. ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தவர் என்ன சொல்ல வேண்டும் என்பதை மறந்துவிட்டார். அதனால் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. இதைவிட அழகான ஒன்றை அந்த வானத்தில் நான் பார்த்ததில்லை.

இறங்கியதும் எங்கள் வழக்கப்படி ஹினெக்கை வால் மேல் குப்புறச் சாய்த்து, மன்றத்தில் இருப்பவர் எல்லாரும் வரிசையாகப் பின்பக்கம் ஆளுக்கொரு அடி வைத்தோம். புது விமானத்தில் முதல் தடவை பறந்தவன் யாராக இருந்தாலும் இது உண்டு. யிட்கா தேனிலவுக்கும் சேர்த்து வைத்தாள். வரிசையின் கடைசியில் கலெண்டா நின்றிருந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு அவரும் ஓர் அடி வைத்தார், சும்மா பேருக்கு. பிறகு குனிந்து கேட்டார்.

"ஏறும்போது இழுத்துச்சா?"

"கொஞ்சங்கூட இல்ல சார். கையை விட்டாக்கூட நேராப் போகுது."

கலெண்டா கூண்டை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம், கொஞ்சம் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்று மிகச் சின்னக் குரலில் கேட்டார். ஹினெக்கும் ராடிமும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை இறக்கை மேல் ஏற்றிவிட்டார்கள். கூண்டுக்குள் உட்கார்ந்து காலால் துழாவினார், கைப்பிடியைத் தொட்டார், வலப்பக்கம் தள்ளியிருந்த இஞ்சினை எட்டிப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் வயல்கள் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று அவர் புத்தகத்தில் இல்லை.

"டூமா சரியாத்தான் வெச்சிருக்காரு" என்றார். எங்களிடம் இல்லை, இஞ்சினிடம்.

சங்கத்தின் கார் ஓட்டுநர் வந்து நேரமாகிறது என்றார். கலெண்டா கண்ணாடிக் கதவை உள்ளிருந்தபடியே இழுத்து மூடிக்கொண்டார்.