யாரையும் தேடாதே

கடலின் மேல் பனி பெய்துகொண்டிருந்தது. வெள்ளை வெள்ளையாக, சத்தமே இல்லாமல். தண்ணீரைத் தொட்டதும் ஒவ்வொன்றும் இல்லாமல் போயிற்று. கடல் சும்மா இருந்தது.

குணவதிக்கு அப்போது பதினேழு வயது. நாகப்பட்டினத்துக்கு வடக்கே மணல்குப்பத்திலிருந்து போனவள். கடல் என்றால் வெயில், காற்று, கவிச்சி, இரைச்சல். அவளுக்குத் தெரிந்தது அதுதான். இப்படி வாய் மூடிக் கிடக்கிற கடலை அவள் பார்த்ததில்லை.

ஜப்பானின் வடகிழக்கில் அது ஒரு சின்னத் துறைமுக ஊர். மூன்று வருடம் முன்பு அங்கேயும் கடல் உள்ளே வந்து போயிருந்தது. அதனால்தான் இவளை அழைத்தார்கள். கடல் வந்து போன இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் எட்டு மாதம் ஒருவர் வீட்டில் ஒருவர் இருந்து பார்க்கட்டும் என்று இரண்டு தேசத்துத் தொண்டு நிறுவனங்கள் கூடி முடிவெடுத்தன. நல்ல எண்ணம். அதில் என்ன குறை சொல்ல முடியும்?

அம்மா அஞ்சலைதான் ஒரு மாதம் முரண்டு பிடித்தாள். ஒரு கடலோரத்திலிருந்து இன்னொரு கடலோரத்துக்குப் போக ப்ளேன் எதற்கு என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பெட்டியில் கருவாடு கட்டி வைத்தாள். அதை விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

*

அஞ்சலை முரண்டு பிடித்ததற்குக் காரணம் இருந்தது. குணவதிக்கு எட்டு வயதாக இருந்தபோது, டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கடல் ஊருக்குள் வந்தது. எந்த ஞாயிறு என்று அந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா சிங்காரவேலு, பெண்டாட்டியையும் சின்ன மகனையும் மாதா கோயில் மாடியில் ஏற்றிவிட்டார். குணவதி அங்கே இல்லை. அவள் பக்கத்து வீட்டுக்காரர்களோடு ஓடி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி மெயின் ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு பன்னும் கொடுத்தார்கள். அவள் தின்றாள்.

அவள் தின்றுகொண்டிருந்தபோது அப்பா மாடியிலிருந்து இறங்கினார். எதிரே ஓடி வந்தவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டாராம். “எம் பொண்ணப் பாத்தீங்களா?” கேட்டுக்கொண்டே கடல் பக்கம் போனார். மூன்றாம் நாள் அவரை உப்பளத்தில் கண்டெடுத்தார்கள்.

பன்னின் இனிப்பு அதற்குப் பிறகு அவளுக்கு ஆகவில்லை. அப்பாவைக் கடல் கொண்டுபோனது என்று ஊர் சொன்னது. நான்தான் இழுத்தேன் என்று அவள் சொல்லிக்கொண்டாள். வெளியில் சொல்லவில்லை.

*

ஜப்பானில் அவள் தங்கிய வீட்டில் மிசாகி என்று அவள் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். மொழி பாதிதான் புரியும். மீதியைச் சிரித்து ஒப்பேற்றினார்கள். ஒரே குடை. ஒரே சாப்பாட்டு டப்பா. பள்ளிக்குப் போகும் ஏற்றப் பாதையில் கை கோத்துக்கொண்டு நடப்பார்கள்.

ஒரு நாள் காலை. பனி உருகிப் பாதையெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. கடல் எச்சரிக்கை ஒத்திகைக்காகச் சங்கு ஊதியது. ஊதிய கணமே மிசாகி கையை உதறினாள். ஓடினாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

குணவதி நின்றுவிட்டாள். அவமானமாக இருந்தது. இத்தனை நாள் தோழி என்று இருந்தது எல்லாம் பொய்யா? வீட்டில் மிசாகியின் அம்மா தனியாக இருப்பாளே என்று பார்த்தால், அவளும் பக்கத்துத் தெரு வழியாக, யாரையும் பார்க்காமல், மலைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். மொத்த ஊரும் அப்படித்தான் ஓடியது. அம்மாவைப் பிள்ளை பார்க்கவில்லை. பிள்ளையை அம்மா பார்க்கவில்லை.

கடைசி ஆளாக மேலே போய்ச் சேர்ந்தபோது மிசாகி அழுதுகொண்டிருந்தாள். நீ நிற்பாய் என்று நான் நினைக்கவில்லை என்றாள். பிறகு பாதி ஜப்பானியத்திலும் பாதி ஆங்கிலத்திலும் பொறுமையாக விளக்கினாள். இது இங்கே பழைய வழக்கம். பெயர் தெந்தென்கோ. தனித்தனியாக என்று அர்த்தம். கடல் வந்தால் ஓடு, யாரையும் தேடாதே. நான் ஓடியிருப்பேன் என்று நீ நம்பு. நீ ஓடியிருப்பாய் என்று நான் நம்புகிறேன். ஒருத்தரை ஒருத்தர் தேடினால் இரண்டு பேரும் போவோம்.

குணவதி கீழே பார்த்தாள். கடல் சும்மா இருந்தது. அதன் மேல் மறுபடி பனி பெய்ய ஆரம்பித்தது. ஒன்பது வருடமாக உள்ளே கிடந்த ஒன்று அங்கே உடைந்து, அவள் வாய்விட்டு அழுதாள். அப்பாவுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லையே என்று அழுதாள்.

*

எட்டு மாதம் முடிந்து ஊர் வந்தாள். துணிமணி, இரண்டு பொம்மை, பத்துப் படம், அப்புறம் இந்த ஒரு சொல்.

மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் தொலைந்தது. சொல் தங்கியது. சென்னையில் வேலை வந்தது, போகவில்லை. மெயின் ரோட்டில் இருந்த சின்னத் தபால் நிலையத்தில் போஸ்ட் மாஸ்டர் ஆனாள். ராஜகுருவைக் கட்டிக்கொண்டாள். அவன் காரைக்கால் படகில் பத்து நாள் பதினைந்து நாள் என்று ஆழ்கடலுக்குப் போகிறவன். ஆழத்தில் இருக்கிறவனை இந்த மாதிரி அலை ஒன்றும் செய்யாது என்று படித்திருந்தாள். அந்த ஒரு விஷயத்தில் நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி ஓடப் பழக்கினாள். பள்ளிக்கூடத்திலிருந்து வாய்க்கால் பாதை வழியாக, புயலுக்கு ஒதுங்க அரசாங்கம் கட்டிய புயல் கட்டடம். அதன் மொட்டை மாடி. ஊர் சும்மா இருக்குமா? ‘ஓடுகாலி டீச்சர்’ என்று பெயர் வைத்தது. வலை பின்னுகிற ஆண்கள் அவள் போகும்போது விசில் ஊதிவிட்டு, ஓடு ஓடு என்று ஒருத்தரை ஒருத்தர் தள்ளிச் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போனாள்.

அஞ்சலைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பெத்ததைப் பார்க்காமல் ஓடுகிறவள் பொம்பளையா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, காரைக்காலில் மகன் வீட்டோடு போய் இருந்துகொண்டாள். போகும்போது புருஷனின் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போனாள்.

*

சாதனா பிறந்தாள். நடக்க ஆரம்பித்ததும் ஓடக் கற்றுக்கொண்டாள்.

தெருவில் கை பிடித்துப் போகும்போதே, எந்த நேரமும், குணவதி விசில் ஊதுவாள். குழந்தை கையை உதறிவிட்டு ஓட வேண்டும். முதலில் அழுதது. பிறகு பழகியது. பிறகு அம்மாவின் விரலை ஒரு நொடிகூடப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் விட்டது. குணவதிக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே எங்கேயோ ஒரு முள்ளும் குத்தியது. பெருமையைத்தான் கவனித்தாள்.

இரவில் சோறு ஊட்டும்போது கேள்வி பதில் நடக்கும்.

“சங்கு ஊதுனா?”

“ஓடணும்.”

“அம்மா எங்க இருப்பேன்?”

“மேல வந்துருப்ப.”

“தேடலாமா?”

“தேடக் கூடாது. நீயும் என்னயத் தேடக் கூடாது.”

“தேட மாட்டேன்.”

நீயும் தேடக் கூடாது என்பதைக் குழந்தையே சேர்த்துக்கொண்டது. யாரும் சொல்லித் தரவில்லை. குணவதி ஒவ்வொரு இரவும் தேட மாட்டேன் என்று சொன்னாள். சொல்லும்போது சோற்றை உருட்டிக்கொண்டு தட்டையே பார்த்தாள்.

*

சாதனா இரண்டாம் வகுப்புப் போன வருடம். பங்குனி மாதம். வெயில் தரையில் வழிந்தது. காற்று காலையிலிருந்தே இல்லை. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. நாய்கள் கடற்கரையை விட்டு மெயின் ரோட்டுக்கு வந்து படுத்திருந்தன. வெயிலுக்குத்தான் என்று குணவதி நினைத்தாள்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், தபால் நிலையத்தில் இருந்த அத்தனை பேரின் கைபேசியும் ஒரே நேரத்தில் அலறியது. மதியம் ஒன்றேகாலுக்குச் சுமத்ரா பக்கம் நில நடுக்கம். கரையோர மக்கள் உடனே வெளியேறவும். தூரத்தில் ஊர்ச் சங்கு ஊத ஆரம்பித்தது. நிறுத்தாமல் ஊதியது.

அவள் நிதானமாக எழுந்தாள். அவள் இருக்கிற இடம் மேடு, பயமில்லை. பள்ளிக்கூடம் கரையில்தான், ஆனால் பிள்ளைகள் வாய்க்கால் பாதையில் இந்நேரம் ஓடியிருப்பார்கள். புயல் கட்டடம் பத்து நிமிடம். சாதனாவுக்கு எட்டு நிமிடம். அவளே நேரம் பார்த்திருக்கிறாள்.

தேட மாட்டேன். தேட மாட்டேன். சாலையில் நின்று சொல்லிக்கொண்டாள்.

சனங்கள் வர ஆரம்பித்தார்கள். மோட்டார் சைக்கிளில், ஆட்டோவில், ஈரத் தலையோடு, அடுப்பை அணைத்தேனா என்று கேட்டுக்கொண்டே. ஒரு வண்டியில் சாதனாவோடு படிக்கிற பையன், அப்பா முதுகைக் கட்டிக்கொண்டு போனான். குணவதி கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

“சாதனாவ நான் பாக்கலத்தே,” என்றான் பையன்.

அவ்வளவுதான். பார்க்கவில்லை என்றுதான் சொன்னான், இல்லை என்று சொல்லவில்லை. அவன் வந்த பாதையே வேறு. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாக அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருடம் இதைத்தான் ஊருக்குச் சொன்னாள். கால் கடல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் இந்தப் பக்கம். அவள் ஒருத்தி அந்தப் பக்கம். கையைப் பிடித்து இழுத்தார்கள், திட்டினார்கள். முன்பு விசில் ஊதிச் சிரித்த ஒருவர், டீச்சர் இப்படி ஓடுங்க என்று கத்தினார். அவள் ஒவ்வொருவரையும் நிறுத்தி ஏதோ கேட்டுக்கொண்டு போனாள். என்ன கேட்கிறோம் என்று பாதி வழியில்தான் அவள் காதில் விழுந்தது.

“எம் பொண்ணப் பாத்தீங்களா?”

குரல் அவளுடையது. வார்த்தை அப்பாவுடையது. அப்போதும் நிற்க முடியவில்லை.

*

பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. வராண்டாவில் செருப்புகள் வரிசையாக இருந்தன. செருப்பு போடக்கூட நிற்கக் கூடாது என்று அவள்தான் பழக்கியிருந்தாள். சாதனாவின் ரோஸ் செருப்பும் இருந்தது. இரண்டாம் வகுப்பு அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு டப்பாவில் பாதி மாங்காய்.

குழந்தை சரியாகத்தான் செய்திருக்கிறது. ஒரு பிழை இல்லை.

ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். அது இருந்த இடத்தில் இல்லை. ஈரச் சேறு நெடுந்தூரத்துக்கு மினுங்கியது. படகுகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. சங்கு நின்றுவிட்டிருந்தது. சத்தமே இல்லை. பனி பெய்வதுபோல் வெளிச்சம் மட்டும் சேற்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. குழந்தைக்காக இல்லை. தான் செத்துப்போனால் அந்தக் குழந்தைக்கு ஆயுள் முழுக்க எதைத் தின்றாலும் இனிக்காதே என்று வந்தது. திரும்பி ஓடினாள்.

தண்ணீர் அவளை வாய்க்கால் பாலத்தில் பிடித்தது. பெரிய அலை இல்லை. மேலே எழவில்லை. கறுப்பாக, அவசரப்படாமல், நடந்து வருவதுபோல் வந்தது. முட்டிக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. பாலத்துக் கம்பியைக் கட்டிக்கொண்டாள். காலை இழுத்தது, புடவையை இழுத்தது. அவள் எடை என்ன என்று பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தது. பிறகு விட்டது. வந்த வழியே போனது.

அன்று மணல்குப்பத்தில் யாரும் சாகவில்லை. பதினோரு படகு போனது. பள்ளிக்கூடத்துச் செருப்புகள் போயின.

*

புயல் கட்டடத்து மொட்டை மாடியில் சாதனா வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. குணவதி படியேறி வந்ததைப் பார்த்தும் எழுந்து வரவில்லை. குணவதி போய் அவளை அள்ளிக் கட்டிக்கொண்டாள். உடம்பு விறைப்பாக இருந்தது.

அதற்குள் சனங்கள் சொல்லியிருந்தார்கள். உங்கம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடுறதப் பாத்தோம் என்று. சொல்லாமல் இருப்பார்களா? முக்கால் மணி நேரம் அந்தக் குழந்தை அதை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறது.

“நான் திரும்பிப் பாக்கவே இல்லம்மா,” என்றாள் சாதனா. “நீ மேல இருப்பன்னு நெனச்சேன்.”

குணவதி அந்த வெறுங்காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இனிமே சங்கு ஊதுனா நான் ஓட மாட்டேன். க்ளாஸ்லயே இருப்பேன். நீதான் வருவல்ல?”

கோபமாகச் சொல்லவில்லை. குறையாகவும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அலைச்சல் இருக்கக் கூடாது என்று, ஒரு ஏற்பாடு சொல்வதுபோல் சொன்னாள்.

கீழே கடல் தன் இடத்துக்கு வந்துவிட்டது. சாயங்கால வெயிலில், ஒன்றுமே நடக்காததுபோல் சும்மா இருந்தது. அது மறுபடி வரும். இந்த வருடமோ, இவள் பெரியவள் ஆன பிறகோ. வரும்.

குணவதி குழந்தையின் இரண்டு தோளையும் பிடித்து, முகத்துக்கு நேராக முகம் வைத்து, இதுவரை எந்த அம்மாவும் சொல்லியிருக்க மாட்டாள் என்று அவளுக்குத் தோன்றிய ஒன்றைச் சொன்னாள்.

“வரமாட்டேன்டி. செத்தாலும் வரமாட்டேன். நீ ஓடணும்.”

சாதனா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இடுப்பு வரை நனைந்து, சேறு அப்பிக் கிடந்த புடவையைப் பார்த்தாள். சரிம்மா என்றாள். அவள் நம்பவில்லை.