பத்து நிமிடச் சோதனை

ஏழாம் மாடிக்கு ஏறி வாருங்கள் தோழர்களே, வந்து இந்த மேசையின் பின்னால் நில்லுங்கள்! இங்கே ஓர் அக்கிரமம் நடந்திருக்கிறது. கூச்சல் எழவில்லை, இரத்தம் சிந்தவில்லை. ஒரு விரல் அசைந்தது, அவ்வளவுதான்.

மேசைக்கு உரியவளை அலுவலகத்தில் மின்னல் என்பார்கள், அத்தனை வேகம். நாட்டின் கைப்பேசிகளுக்கெல்லாம் செயலிகள் வழங்கும் நிறுவனத்தில் அவள் சரிபார்ப்பாளர். புகாருக்கு ஆளான செயலியைச் சோதனைக் கைப்பேசியில் பத்து நிமிடம் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். 'பார்த்தேன்' என்று ஒப்பமிட வேண்டும். அதன் பிறகே நீக்கலாம். நீக்கினால் நிறுவனத்தின் செயலிக் கடையிலிருந்து மட்டுமல்ல, மக்களின் கைகளிலிருந்தும் அது மறைந்துபோகும். மேலிடத்துச் சிவப்புக் குறியோடு வருபவற்றை மட்டும் எவரும் திறப்பதில்லை. தீர்ப்பை எழுதி அனுப்பிய பிறகு விசாரணை எதற்கு? மின்னலும் ஒப்பமிடுவாளே தவிர, திறக்கமாட்டாள்.

அன்று பிற்பகல் அப்படி ஒன்றை நீக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அம்மா அழைத்தாள்.

"அம்மாடி, தம்பிய ஊர்வலத்துல புடிச்சு வேன்ல ஏத்திட்டாங்கடி! வேன் எந்தத் தெருவுல போகுதுன்னு பாக்குறவங்கல்லாம் ஒரு ஆப்ல போட்டுக்கிட்டே இருந்தாங்க. நானும் கண்ண எடுக்காம பாத்துக்கிட்டிருந்தேன். திடீர்னு ஆப்பையே காணோம். என் கை பட்டு அழிஞ்சிருச்சா?"

"உன் கை இல்லம்மா" என்றாள் மின்னல்.

சோதனைக் கைப்பேசியை நீக்கம் தொடாது. அதில் அந்தச் செயலியை முதன்முறையாகத் திறந்தாள். நகரத்தின் வரைபடம், ஒவ்வொரு புள்ளியும் ஒருவர் கையிலுள்ள கைப்பேசி. புள்ளிகள் அணைந்துகொண்டிருந்தன. கிழக்கிலிருந்து மேற்காக, தெருத் தெருவாக, யாரோ நிதானமாக நடந்துபோய் விளக்குகளை ஊதி அணைப்பதுபோல. கடைசியாக எவரோ இட்ட குறிப்பு மட்டும் நின்றது: 'கற்பாலம், 3.52. சாம்பல் நிற வேன். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டுகிறார்.' அந்தச் சட்டையைக் காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

மேற்பார்வையாளரிடம் ஓடினாள்.

"அண்ணே, அத திருப்பிப் போடுங்க. என் தம்பி அந்த வேன்ல இருக்கான்."

"மின்னல்னு பேரு வாங்கிட்டு இடி மாதிரி வந்து நிக்கிறியே! தம்பி, தங்கச்சிக்கெல்லாம் விதியில எடமில்லம்மா. சோதிக்காம நீக்கியிருந்தாத்தான் திருப்பிப் போடணும். நீ பத்து நிமிஷம் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே?"

"பாக்கல."

"என்னது?"

"தொறக்கவே இல்லண்ணே. பொய்க் கையெழுத்து. எழுதித் தரேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

அவள் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவர் செயலியைத் திருப்பிப் போட்டார். உடனே தாமே சோதனையையும் தொடங்கினார். சிவப்புக் குறி அப்படியே இருக்கிறது; பத்தாவது நிமிடம் அவருடைய விரல் நீக்கும்.

புள்ளிகள் மீண்டும் எரிந்தன. பாலத்துக்கு அப்பால் தெருக்கள் முழுவதும் எரிந்தன. ஆனால் ஒருவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. சன்னல் வழியே மின்னல் எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள். மாடிக்கு மாடி, திரைச்சீலைகளின் ஓரத்தில், கைப்பேசியை ஏந்தியபடி அசையாத மனிதர்கள். பேச்சில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை.

வரைபடத்தின் மீது ஒரே ஒரு வரி முளைத்தது. அம்மா எழுதியது: 'மஞ்சள் சட்டை. என் மகன். யாராவது பாத்தீங்களா?'

படித்தவர்களின் எண்ணிக்கை ஏறியது. நூறு. நானூறு. ஆயிரம். பதில் இல்லை.

"எட்டு நிமிஷம் ஆச்சும்மா" என்றார் மேற்பார்வையாளர், தாழ்ந்த குரலில்.

பாலத்துக்கு அப்பால் வீடு உடையவர்களே! மறைந்து திரும்பிய செயலியை எச்சரிக்கையென்று எண்ணியா வாய் பொத்தினீர்கள்? அந்த வேன் உங்கள் வாசல்களைக் கடந்துதானே போயிற்று? இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. எழுதுங்கள். அதற்குள் கைப்பேசி ஊமையாகிவிட்டால் தெருவில் இறங்கி நின்று உரக்கச் சொல்லுங்கள்: அது எந்தப் பக்கம் திரும்பியது?