பதினேழு எகிறல்

தொலைதூரப் பெருங்கோள் ஒன்றைச் சுற்றும் விண்கலம் நான்காம் சுற்றில் அனுப்பிய எண்களைப் பார்த்து ஆய்வுக்கூடமே தலைகால் புரியாமல் ஆடியது. கோளைச் சூழ்ந்திருக்கும் பிளாஸ்மா, அதாவது மின்னேறிய துகள்களின் கூட்டம், ஓரிடத்தில் பத்து மடங்கு அடர்ந்திருந்ததாம். "புது மேகம்" என்று தலைவர் கட்டுரையும் எழுதி, நிருபர்களைக் கூப்பிட நாளே குறித்துவிட்டார்.

எண்களைச் சரிபார்ப்பவள் மட்டும் நம்பவில்லை. பதினொரு வருடமாக, பிளாஸ்மாவை அளக்கும் அந்தக் கருவியோடு மாரடிப்பவள். கலத்தின் பதிவேட்டை எடுத்து வரிவரியாக ஒப்பிட்டாள். அந்த இடத்தில் திசை திரும்பக் கலம் குட்டி ராக்கெட்டுகளைப் பற்றவைத்தது பதினேழு முறை; பதினேழிலும் அளவு எகிறியிருந்தது. கலம் தன் புகையையே அளந்திருக்கிறது.

"சார், இது மேகமில்ல. நம்ம கலம் விட்ட வாயு."

அவர் நிமிரக்கூட இல்லை. "எண்ணைச் சுத்தம் பண்றது உன் வேலைம்மா. அர்த்தம் சொல்றது என் வேலை."

அந்த 'ம்மா' சுருக்கென்று தைத்தது. அன்றிரவு வீட்டில் அவள் தட்டை வைத்த சத்தத்தில் கணவன் எட்டிப் பார்த்தான்.

"தட்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

"சும்மா இருங்க. அந்தக் கட்டுரையில என் பேரும் இருக்கு."

"எடுக்கச் சொல்லிடு."

"எடுத்தா மட்டும் பொய் நிஜமாயிடுமா?"

மறுநாள் கூட்டத்தில் பிளாஸ்மா அளவு, ராக்கெட் பற்றவைத்த நேரம் என்ற இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் போட்டாள்.

"தற்செயல்," என்றார் தலைவர்.

"பதினேழு தடவையுமா சார்? அடுத்த சுற்றுல அந்த இடத்துல ராக்கெட்டைப் பத்தவைக்காம அளந்து பாருங்க."

கலத்தை ஓட்டும் பொறியாளர், "பண்ணலாம்," என்றார். நிருபர் சந்திப்பு தள்ளிப்போனது.

ஆறு வாரம் யாரும் அவளோடு சாப்பிட உட்காரவில்லை. ஐந்தாம் சுற்றில், ராக்கெட் பற்றவைக்காத அந்த இடத்தில், கோடு வழித்துவிட்டாற்போல் தட்டையாக வந்தது.

அன்று மதியம் நடைபாதையில் தலைவர் விருந்தினர்களிடம், "நாங்க ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகப்பட்டோம்," என்று அளந்துகொண்டிருந்தார்.

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது.

"நாங்க இல்ல சார். நான்."

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அவள் விடவில்லை. 'உன் வேலை, என் வேலை' முதல் ஒன்றுவிடாமல் விருந்தினர் முன்னாலேயே கொட்டித் தீர்த்தாள்.

தலைவர் பதவியில்தான் இருந்தார். கருவியின் முழுப் பொறுப்பு மட்டும் அவளிடம் வந்தது. அதன்பின் அவரிடம் எதைச் சொல்வதானாலும் எழுதித்தான் கொடுத்தாள்.