நாற்பதும் தப்பு

மதிய இடைவேளையில், காலியான வகுப்பறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சருக்குக் கடைசித் தாளில் கை நின்றுவிட்டது. நாற்பது ஜெர்மன் பெயர்ச்சொற்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் டேர், டீ, டாஸ் மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். சொல் ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. கண்ணாடிக்கடை அக்கா ஒன்றைக்கூட விடாமல் எழுதியிருந்தாள். நாற்பதும் தப்பு.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள் என்பதால் வகுப்பு வைத்த பெயர் அது. டீச்சரைவிட ஒன்பது வயது மூத்தவள், அதனால் டீச்சரும் அக்கா என்றே கூப்பிட்டாள். அக்காவின் கணவர் நான்கு வருடமாக ஜெர்மனியில், சரக்குக் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறார். மனைவியை அழைத்துக்கொள்ள அவள் முதல் நிலைத் தேர்வு எழுதித் தேற வேண்டும். இங்கே வகுப்புத் தேர்வில் தேறாதவர்களின் பெயரை அந்தத் தேர்வுக்கு அனுப்புவதில்லை. அக்கா தோற்பது இது மூன்றாவது முறை.

இந்தப் பாடத்துக்காக டீச்சர் படாத பாடில்லை. தமிழில் ஆளையோ பொருளையோ பார்த்தாலே அவன், அவள், அது தானாக வந்து உட்கார்ந்துவிடும். இந்த மொழியிலோ கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டிலும் சேராது. சூரியன் பெண். சிறுமி என்ற சொல் மட்டும் அஃறிணை மாதிரி ஒதுங்கி நிற்கும். முதல் நாள் இதைச் சொன்னபோது, "அப்ப எங்க வீட்டு ஆம்பளைங்கள எதுல சேக்குறது டீச்சர்?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தவள் இந்த அக்காதான். காரணம் தேடாதீர்கள், சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் பண்ணுங்கள் என்று நீலம், சிவப்பு, பச்சை என மூன்று நிறத்தில் அட்டை வெட்டிக் கொடுத்தாள் டீச்சர். கடையில் மெஷின் ஓடும்போதுகூட அக்கா அட்டையைப் பக்கத்தில் வைத்திருப்பாள் என்று கேள்வி. அப்படியும் ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் சொல்லிக்கொடுத்ததில்தான் கோளாறு என்று டீச்சருக்குப் பட்டது.

சைபர் போட்டவள், அடியில் ஏற்கெனவே திருத்தி வைத்திருந்த இன்னொரு தாளைப் பார்த்தாள். கடைசி பெஞ்சில் தூங்குகிற வெல்டர், நாற்பதுக்கும் டேர் என்றே எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அவருக்குப் பதினான்கு மதிப்பெண். கண்ணை மூடிக்கொண்டு எழுதினால்கூடப் பத்துக்கு மேல் தேறும். நாற்பதிலும் ஒன்றுகூடச் சரியாகிவிடாமல் எழுத வேண்டுமானால், நாற்பதும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அக்காவை நிறுத்தி, தாளை முன்னால் வைத்தாள்.

"நாப்பதும் தப்புக்கா."

"நாப்பதுமா?" அக்கா தாளைப் பார்த்தாள். மெல்ல அவளுக்கு விஷயம் பிடிபட்டது. "நாலஞ்சு சரியா எழுதியிருக்கணும். யோசிக்காம விட்டுட்டேன்."

ஒருமுறை சிரித்தாள். பிறகு கையை மடியில் கோத்துக்கொண்டு, கடைக்கு வந்தவர்களிடம் விவரம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல, அவர் வேலைக்குப் போறப்ப என்னை உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுப் போவார். பாதுகாப்புக்குன்னு. அடிச்சதில்ல, திட்டினதில்ல. பூட்டுவார், அவ்வளவுதான். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியா பேசுவாங்க. அங்க எனக்கு எந்த ஜன்னல்ல யார் இருக்காங்க டீச்சர்?"

"வரலன்னு சொல்லிடலாமேக்கா."

"சொன்னா ஏன்னு கேப்பாங்க. எங்க அம்மாவும் கேப்பாங்க, அவரோட அம்மாவும் கேப்பாங்க. படிப்பு ஏறலன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

டீச்சர் சைபரை அடித்துவிட்டுப் பதினொன்று என்று போட்டாள்.

சனிக்கிழமைதோறும் அக்காவின் கணவர் வகுப்பு அலுவலகத்துக்குப் போன் செய்து மனைவியின் படிப்பை விசாரிப்பார். நிதானமான, மரியாதையான குரல். இந்த வாரம் அவர் கேட்டபோது, டீச்சர் தயாராக வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அவங்களுக்கு இது வராது சார். நாங்களும் எவ்வளவோ முயற்சி பண்ணிட்டோம்."



"பரவால்ல மேடம், உங்க மேல தப்பில்ல. நான் மூணு மாசம் லீவு போட்டுட்டு வர்றேன். கடைக்கு, வேலைக்குன்னு எங்கயும் அனுப்பாம, வீட்டுலயே உக்கார வச்சு நானே சொல்லித் தர்றேன். வேற கவனமே இருக்கக் கூடாது பாருங்க."

குரலில் துளிக் கோபம் இல்லை. டீச்சர் போனை வைத்தாள். நல்லது செய்வதாக நினைத்து அவரை அக்காவின் வீட்டு வாசலுக்கே வரவழைத்தாயிற்று.

திங்கட்கிழமை, வகுப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே அக்காவை வரச்சொல்லி, ஒரு வார்த்தை மறைக்காமல் சொன்னாள். அக்கா கேட்டுவிட்டு அட்டைக்கட்டின் ஓரங்களைத் தட்டிச் சரி செய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"எப்ப வர்றாராம்?"

"அடுத்த மாசம். என்னாலதான்கா. வாயை மூடிட்டு இருந்திருக்கணும்."

"நீங்க நிஜத்தச் சொல்லியிருந்தா நான் அங்க போயிருப்பேன். பொய் சொன்னதால அவர் இங்க வர்றார். ரெண்டுலயும் நான் ஒண்ணுமே சொல்லல, பாத்தீங்களா?" அக்கா எழுந்தாள். "ஆபீஸ் போன்ல ஒரு தடவ பேசிக்கலாமா? இப்ப அவருக்கு வேலை இல்லாத நேரம்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியல. பேச ஆரம்பிச்சாத்தான் வரும்."

அலுவலக அறையின் கதவில் பாதிக்குக் கண்ணாடி. டீச்சர் வெளியே நின்றாள். அக்கா எண்களை அழுத்துவதும், காத்திருப்பதும், அவளுடைய உதடு அசைவதும் தெரிந்தன. சத்தம் வரவில்லை. நான்கைந்து வார்த்தைகள்தான் பேசியிருப்பாள், நிறுத்திவிட்டாள். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள், முதுகு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தது.

வகுப்புக்கு நேரமாகி மற்றவர்கள் படியேறி வந்தார்கள். முன்னால் வந்த இரண்டு நர்ஸுகள் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். டீச்சர் கையைக் காட்டி அவர்களை நடையிலேயே நிறுத்தினாள். வெல்டரும் வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றார். என்ன விஷயமென்று யாரும் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் அக்கா ரிசீவரை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினாள். காலால் நாற்காலியை இழுத்து, உட்கார்ந்து, மறுபடி பேச ஆரம்பித்தாள்.