தட்டிவிட்ட மாம்பழத் துண்டு

விடிந்தும் விடியாத ஐந்தரை மணிக்கே சித்தூர் மாங்கூழ் ஆலையில் பெல்ட் ஓடத் தொடங்கிவிடும். நாற்பது பெண்கள் இரண்டு வரிசையாக நின்று, உருண்டு வரும் தோத்தாபுரி மாம்பழங்களின் காம்புப் பக்கத்தைச் சீவித் தள்ள வேண்டும். கையுறைக்குள் காம்புப் பால் இறங்கித் தோலை அரிக்கும். வெந்த மாம்பழ வாசம் தலைமயிரில் ஏறிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை குளித்தாலும் போகாது.

வரிசையில் ஏழாவதாக நின்றவள் தாட்சாயணி. ஆறு வருஷமாகச் சர்க்கரை நோய். புத்தலப்பட்டில் நாலரை மணி வேன் ஏறுமுன் மாத்திரை போட்டுக்கொள்வாள். அந்நேரத்துக்குத் தொண்டையில் சோறு இறங்காது. எட்டு மணிக்குச் சாப்பிட விடும்போது சோற்று டப்பாவைத் திறப்பாள்.

அன்று எட்டு மணி ஆயிற்று. பெல்ட் நிற்கவில்லை.

"வெளிய முப்பது லாரி நிக்குது, பழம் அழுவுது. பத்து மணிக்குத் துன்னலாம்," என்றான் சூப்பர்வைசர் லோகேஸ்வரன். டப்பாக்கள் இருந்த அறையின் சாவி அவன் இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது.

"கை நடுங்குது சார். ரெண்டு வாய் துன்னுட்டு ஓடியாந்துடறேன்."

"உனக்குத் தொறந்தா நாப்பது பேரும் வருவீங்க. வேலையப் பாரும்மா."

ஒன்பது மணிக்கு அவள் கழுத்தில் வேர்வை சில்லென்று வழிந்தது. உதடு மரத்துப்போனது. ஒரு பெல்ட் இரண்டாகத் தெரிந்தது. சுற்றிலும் டன் டன்னாக இனிப்பு. ஒரு துண்டை வாயில் வைத்தால் திருட்டு. போன வாரம்தான் அதற்காக ஒருத்தியைக் கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள். அதை நினைக்கும் புத்தியும் கலங்கியிருக்க, தாட்சாயணியின் கை தானாக ஒரு துண்டை எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோனது.

பக்கத்தில் நின்ற யமுனா பாய்ந்து அதைத் தட்டிவிட்டாள்.

"யக்கா! சக்கரய வெச்சிக்கினு மாம்பழமா துன்ற? செத்துப் பூடுவ!"

அன்பில்தான் தட்டினாள், கண்ணுங்களா. சர்க்கரைக்காரருக்கு இனிப்பு விஷம் என்றுதானே நாமெல்லாம் கேட்டு வளர்ந்தோம்?

தாட்சாயணி ஈரத் தரையில் கால் மடங்கி உட்கார்ந்தாள். கத்தி நழுவியது. "வேன் வந்துடுச்சா?" என்று இடம் புரியாமல் யமுனாவைக் கேட்டாள்.

"காலையிலயே ஏத்திக்கினு வந்துட்டியா?" என்று சிரித்தான் லோகேஸ்வரன்.

பழக்கூடை சுமக்கும் இஸ்மாயில் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவருக்குப் பன்னிரண்டு வருஷச் சர்க்கரை.

"ஏறல, சக்கர எறங்கிப் பூட்ச்சி! மாத்திர போட்டுட்டு வெறும் வவுத்துல நின்னுக்கினு இருக்குது. எனக்கும் ஒருவாட்டி இப்டித்தான் ஆச்சு. பழத்தப் புழி, சீக்கிரம்! தங்கச்சி, முழுங்க முடியுதா?"

அவள் தலையசைத்தாள். யமுனா அழுதுகொண்டே டம்ளரில் பிழிந்து, மடக்கு மடக்காகக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் பார்வை தெளிந்தது. "பசிக்குதுடி," என்றாள் தாட்சாயணி.

"இந்தச் சாறு கொஞ்ச நேரந்தான் தாங்கும். இப்ப சோறு துன்னணும்," என்றார் இஸ்மாயில்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். "ஏமிட்டி இது, என்னா நடக்குது? வெட்டாத பழம் போவுது!"

லோகேஸ்வரன் அவர் காதில் நடந்ததைச் சொன்னான். முதலாளி முகம் இறுகியது. "நோயாளியை யாரு வேலைக்கு எடுத்தது? பழத்த வாயில வெச்சா வெளிய. ரூல் ரூலுதான்."

"சாவி உங்காளு இடுப்புல, உசுரு மட்டும் எங்குளுதா?" என்று எழுந்தாள் யமுனா. "எட்டு மணின்னா எட்டு மணிக்கு விடுங்க. டப்பா எங்க கைக்கெட்டுற எடத்துல இருக்கணும்."

"கேட்டாண்ட நூறு பேரு வேலைக்கு நிக்கிறாங்கம்மா," என்றார் முதலாளி.

"அவுங்க வவுத்துக்கும் எட்டு மணிதான் சார்," என்றார் இஸ்மாயில்.

தட்டிவிட்ட அதே கையால் யமுனா ஒரு துண்டை எடுத்தாள். முதலாளியைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டு மென்றாள்.

"என்னையும் வெளிய அனுப்புங்க."

அடுத்தவள் ஒரு துண்டு எடுத்தாள். அவளுக்கு அடுத்தவள். எதிர் வரிசையிலும் கத்திகள் ஒவ்வொன்றாக மேசைமேல் விழும் சத்தம் கேட்டது. சீவாத பழங்கள் பெல்ட்டின் கடைசிவரை உருண்டு போய்த் தொப்பு தொப்பென்று தரையில் விழுந்தன. வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன.

டப்பா அறை இன்னும் பூட்டியே கிடந்தது. லோகேஸ்வரனின் கை இடுப்புச் சாவிமேல் போய், முதலாளி முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றது.

தாட்சாயணி யமுனாவின் தோளைப் பிடித்து எழுந்தாள். தன் ஏழாவது இடத்தில் போய் நின்றாள். கத்தியை மட்டும் எடுக்கவில்லை.